மோர் மிளகாய் போட்ட கை எரிகிறது: தணிப்பது எப்படி, அடுத்த முறை தப்பிப்பது எப்படி?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறோம். மோர் மிளகாய் போட 5 கிலோ பச்சை மிளகாய் வாங்கி, அதில் 3 கிலோவைக் கீறி முடித்தோம். சாயங்காலத்திலிருந்து இரண்டு கையும் நெருப்பில் காட்டியது போல எரிகிறது. தண்ணீருக்குள் வைத்தால் அடங்குகிறது, எடுத்தால் மறுபடி எரிகிறது. தேங்காய் எண்ணெய், தயிர், டூத்பேஸ்ட், சுண்ணாம்பு என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எது சரி? மீதி 2 கிலோவை எரிச்சல் இல்லாமல் முடிக்க வழி உண்டா?

பதில்:

இப்போது எரிகிற கைக்கு என்ன செய்வது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணங்களைக் கை அடங்கிய பிறகு நிதானமாகப் படித்துக்கொள்ளலாம்.

மோதிரம், வளையல், கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் கழற்றுங்கள். கையைத் துணியால் ஒற்றி ஈரமில்லாமல் ஆக்குங்கள். 2 டீஸ்பூன் சமையல் எண்ணெய் எடுத்து, கையில் சோப்புப் போடுவது போல 2 நிமிடம் பூசித் தேயுங்கள். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவானாலும் சரி. விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு மூன்றும் விட்டுப்போகக் கூடாது. பிறகு அந்த எண்ணெயைப் பழைய துணியிலோ காகிதத்திலோ நன்றாகத் துடைத்து எடுத்து, அதைக் குப்பையில் போட்டுவிடுங்கள். இந்தத் துடைப்பைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எண்ணெய் பூசி அப்படியே உட்கார்ந்திருந்தால், கரைந்து வெளியே வந்த காரமும் கையிலேயே உட்கார்ந்திருக்கும்.

அடுத்து, பாத்திரம் கழுவும் லிக்விட் 1 டீஸ்பூன். தண்ணீர் கலக்காமல், ஈரமில்லாத கையில் ஊற்றி ஒரு நிமிடம் தேய்த்த பிறகுதான் தண்ணீர் காட்ட வேண்டும். முதலிலேயே தண்ணீர் பட்டால் லிக்விட் நீர்த்துப்போய், எண்ணெயைப் பிடித்து இழுக்கும் வேகம் குறைந்துவிடும். நகக்கண்ணுக்குப் பழைய மென்மையான டூத்பிரஷ் நல்லது. எண்ணெய், துடைப்பு, லிக்விட், தண்ணீர் என்ற இந்தச் சுற்றை மூன்று முறை செய்யுங்கள். தண்ணீர் குளிர்ந்ததாக இருக்க வேண்டும். சேலத்தில் சித்திரை, வைகாசி வெயிலுக்கு மொட்டை மாடி சின்டெக்ஸ் தொட்டித் தண்ணீர் சாயங்காலம் வரைக்கும் சுடும். அதில் கழுவிவிட்டு ‘கழுவக் கழுவ இன்னும் எரிகிறதே’ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பானைத் தண்ணீரையோ, ஃபிரிட்ஜ் தண்ணீர் கலந்த தண்ணீரையோ ஒரு பாத்திரத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கழுவி முடித்தபின் குளிர்ச்சி. குளிர்ந்த தண்ணீரில் 10 நிமிடம் வையுங்கள், 10 நிமிடம் வெளியே விடுங்கள், மறுபடி வையுங்கள். ஐஸ் கட்டியை நேராகத் தோலில் வைக்க வேண்டாம். மரத்துப்போன கையில் குளிர் புண் வந்தாலும் தெரியாது. துணியில் சுற்றி வைத்தால் போதும்.

இதற்கும் அடங்கவில்லை என்றால், தாராளமாக எண்ணெய் செலவழிக்கும் ஒரு வழி இருக்கிறது. ஓட்டையில்லாத பாலிதீன் பையில் 100 மில்லி சமையல் எண்ணெய் ஊற்றுங்கள். கையை அதற்குள் விட்டு, மணிக்கட்டில் இறுக்காமல் கட்டி, அந்தப் பையோடு கையைக் குளிர்ந்த தண்ணீர்ப் பாத்திரத்தில் வையுங்கள். அரை மணி முதல் ஒரு மணி நேரம், நடுநடுவே வெளியே எடுத்து ஓய்வு கொடுத்தபடி. எண்ணெய் காரத்தைக் கரைக்கிறது, வெளியே இருக்கும் தண்ணீர் எரிச்சலை அடக்குகிறது. முடிந்ததும் அந்த எண்ணெயைக் கொட்டிவிட்டு, லிக்விட் போட்டுக் கழுவுங்கள். தாளிக்க எடுத்து வைத்துவிடாதீர்கள்.

இந்த யோசனைக்கு ஓர் அடிப்படை உண்டு. மிளகாய் உரிப்பது வீட்டுக்கு வீடு நடக்கும் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில், 1987இல் வெளியான ஓர் ஆய்வு மிளகாய்க் கை எரிச்சலுக்குக் குளிர்ந்த தண்ணீரையும் சமையல் எண்ணெயையும் ஒப்பிட்டுப் பார்த்தது. முதல் சில நிமிடங்களில் தண்ணீர்தான் முந்தியது. நேரம் செல்லச் செல்ல எண்ணெயில் கை வைத்தவர்களுக்குத்தான் நீடித்த நிவாரணம் கிடைத்தது. தண்ணீரிலிருந்து கையை எடுத்ததும் எரிகிறது என்று நீங்கள் சொல்வதும் அதேதான்.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க, விரல் நுனியால் உதட்டின் உள்பக்கத்தை லேசாகத் தொடுங்கள். சுருக்கென்றால் இன்னும் மிச்சம் இருக்கிறது. கண்ணைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் பரீட்சை மட்டும் வேண்டாம்.

இனி காரணம். மிளகாயின் காரம் கேப்சைசின் என்ற பொருளும் அதன் நெருங்கிய வகைகளும். இது காயின் உள்ளே, விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெளுத்த நரம்புப் பகுதியில் சுரக்கிறது. விதைக்குச் சொந்தமாகக் காரம் இல்லை, நரம்போடு உரசிக்கொண்டிருப்பதால் மேலே ஒட்டியதுதான். கேப்சைசின் தண்ணீரில் ஏறக்குறைய கரையாது. எண்ணெயிலும் ஆல்கஹாலிலும் கரையும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில் வெறும் தண்ணீர் ஊற்றினால் தலை எண்ணெய் போகாமல் சீயக்காய் தேவைப்படுகிறதே, அதே கணக்குதான் இதற்கும்.

தோலுக்குள் போன கேப்சைசின், சூட்டை உணரும் நரம்பு முனைகளில் உள்ள ஒரு கதவைத் திறந்துவிடுகிறது. டிஆர்பிவி1 என்பது அதன் பெயர். டேவிட் ஜூலியஸ் குழு 1997இல் அதை அடையாளம் கண்டது. 2021ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசை அவர் ஆர்டெம் படபூட்டியனுடன் பகிர்ந்துகொண்டதற்கு இந்தக் கண்டுபிடிப்பும் ஒரு காரணம். சாதாரணமாக அந்தக் கதவு சுமார் 43 டிகிரி செல்சியஸ் சூட்டில்தான் திறக்கும். கேப்சைசின் பட்டுவிட்டால் உடம்புச் சூட்டுக்கே திறந்துகொள்ளும். ஆகவே உங்கள் கை வெந்துபோகவில்லை. வெந்துபோனதாக மூளைக்குச் செய்தி மட்டும் போகிறது. தண்ணீருக்குள் அடங்குவதும் வெளியே எடுத்தால் எரிவதும் இதனால்தான்: தண்ணீர் கதவைக் கொஞ்சம் மூடுகிறது, ஆனால் திறந்த ஆளை வெளியேற்றவில்லை. வெந்நீர், அடுப்பு அனல், வெயில், கம்பளிக்குள் கையை வைத்துத் தூங்குவது எல்லாம் எரிச்சலை மறுபடி கிளப்புவதற்கும் இதுவே காரணம். இன்று இரவு அடுப்படி வேலையை வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிடுங்கள்.

இன்னொன்றும் இதிலிருந்து தெரியும். உள்ளங்கைத் தோல் தடித்தது. காரம் அதைத் தாண்டி நரம்பு முனைக்குப் போய்ச் சேர நேரம் பிடிக்கும். காலையில் கீறிய மிளகாய்க்குச் சாயங்காலம் எரிகிறது. எரியத் தொடங்கும்போது ஒரு பங்கு ஏற்கெனவே உள்ளே போய்விட்டது, மேலே எவ்வளவு கழுவினாலும் அது வராது. வேலை முடிந்த கையோடு சரியாகக் கழுவுகிற ஒரு முறை, எரிய ஆரம்பித்தபின் பத்து முறை கழுவுவதைவிட மேல். உள்ளே போனது தானாகத்தான் அடங்க வேண்டும். சாதாரணமாகச் சில மணி நேரத்தில் குறையும். 3 கிலோ கீறிய கை என்றால் மறுநாள் வரைகூட இழுக்கும். அதுவரை மேலே சொன்னவை தாங்கும்படி வைத்திருக்கும், மாயமாக நிறுத்திவிடாது.

மற்ற யோசனைகளைப் பார்ப்போம். பால், தயிர், மோர் வாய்க் காரத்துக்கு நன்றாக வேலை செய்கின்றன. பாலில் உள்ள கேசின் என்ற புரதம் காரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். கையில் அதன் பயன் பெரும்பாலும் குளிர்ச்சிதான். கெடுதல் இல்லை, செய்யலாம். ஆனால் மிளகாய் ஊறுகிற அதே தயிரில் கையை விட்டு வைக்காதீர்கள், சிரிப்பாகத் தோன்றினாலும் இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மிளகாய் ஸ்ப்ரே முகத்தில் பட்டவர்களை வைத்து 2008இல் வந்த ஓர் ஆய்வில் பால், குழந்தைகள் ஷாம்பு, வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் அமிலமுறிவு மருந்து, மரத்துப்போகச் செய்யும் ஜெல், வெறும் தண்ணீர் ஐந்தையும் ஒப்பிட்டார்கள். எதுவும் மற்றதைவிடப் பெரிதாக மேலோங்கவில்லை. வலியைக் குறைத்தது கடந்துபோன நேரம்தான். ‘இதைப் போட்டால் உடனே நிற்கும்’ என்று யாராவது அடித்துச் சொன்னால் இந்த ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள்.

டூத்பேஸ்ட் பூசினால் முதலில் ஜில்லென்று இருக்கும், பிறகு காய்ந்து தோலை இழுக்கும். அதிலுள்ள நுரைப்பொருளும் வாசனைப் பொருளும் ஏற்கெனவே கடுப்பில் இருக்கும் தோலை மேலும் சீண்டும். தலைவலித் தைலமும் அப்படித்தான். சுண்ணாம்பு கூடவே கூடாது: அது காரத்தை முறிக்காது, தானே தோலைப் புண்ணாக்கும். மிளகாய் செய்யாத உண்மையான தீப்புண்ணை அது செய்துவிடும். எலுமிச்சை, வினிகர் இரண்டாலும் கேப்சைசின் முறிவதில்லை, கீறல் இருந்தால் கூடுதல் எரிச்சல்தான் மிச்சம். துணி வெளுக்கும் பிளீச்சிங் கரைசலைக் கையில் ஊற்றச் சொல்லும் யோசனையும் உலவுகிறது. வேண்டாம், அது தோலை அரிக்கும். அதை வினிகரோடு கலந்தால் நச்சு வாயு வேறு கிளம்பும். பாத்திரம் தேய்க்கும் பவுடர், தேங்காய் நார், கல் உப்பு போட்டுச் சுரண்டுவது தோலின் மேல்படலத்தைத் தேய்த்து, காரம் உள்ளே போக வழி திறந்துவிடுகிற வேலை. பச்சைப் பூண்டு அரைத்துப் பூசுவதும் ஆபத்து, பூண்டே தோலைப் புண்ணாக்கக்கூடியது.

ஹேண்ட் சானிடைசருக்கு ஓர் இடம் உண்டு. அதில் உள்ள ஆல்கஹால் காரத்தைக் கரைக்கும். கையில் கீறல் இல்லை என்றால், தாராளமாகப் பூசி, காய்வதற்குள் காகிதத்தில் துடைத்துவிட்டு, பிறகு லிக்விட் போட்டுக் கழுவலாம். காயவிட்டால் ஆல்கஹால் பறந்துபோகும், காரம் அங்கேயே தங்கும். அடுப்புப் பக்கம் மட்டும் போகாமல் செய்யுங்கள்.

கேலமைன் லோஷன் மெல்லிய குளிர்ச்சி தரும், அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். தீக்காயக் களிம்புக்கு இங்கே வேலை இல்லை. பலமுறை சோப்புப் போட்டதால் தோல் வறண்டு போகும். உதட்டுப் பரீட்சையில் தேறிய பிறகு கொஞ்சம் தேங்காய் எண்ணெய் பூசிக்கொள்ளலாம், முன்னால் அல்ல.

கண்ணில் பட்டுவிட்டால் கணக்கு வேறு. எண்ணெய், பால், தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் ஊற்றாதீர்கள். முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இல்லாவிட்டால் கண்ணைக் கழுவப்போய் மறுபடி தடவிவிடுவீர்கள். காண்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிடுங்கள், அந்த லென்ஸை மறுபடி போட வேண்டாம். சுத்தமான தண்ணீரைச் சொம்பில் எடுத்து, தலையை ஒருபக்கம் சாய்த்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஓடும்படி 15 நிமிடம் ஊற்றுங்கள், நடுநடுவே இமைத்தபடி. கசக்க வேண்டாம், கண்ணீர் வரட்டும். கழுவிய பிறகும் வலி நின்றபாடில்லை, பார்வை மங்குகிறது, வெளிச்சம் பார்க்க முடியவில்லை என்றால் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

மருத்துவரைப் பார்க்க வேண்டிய மற்ற நேரங்கள்: கையில் கொப்புளம் எழும்பினால், வீங்கினால், வெட்டுக்காயத்துக்குள் காரம் புகுந்து கடுத்தால், ஒரு நாள் கடந்தும் எரிச்சல் குறையாவிட்டால், எரிந்துகொண்டிருப்பது கைக்குழந்தையின் தோல் என்றால். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குப் போகலாம். மிளகாய்ப் புகையில் மூச்சு இழுக்கத் தொடங்கினால், அதுவும் ஆஸ்துமா உள்ளவருக்கு என்றால், 108ஐ அழைக்கத் தயங்காதீர்கள்.

இனி அந்த 2 கிலோ.

மோர் மிளகாய் மற்ற மிளகாய் வேலைகளைவிட ஏன் அதிகம் எரிக்கிறது? நூற்றுக்கணக்கான காய்களைத் திறக்கிறோம். திறந்த காய்களைத் தயிரிலும் உப்பிலும் போட்டு வெறுங்கையால் பிசைகிறோம். ஈரத்தில் ஊறிய தோல் தடுக்கும் சக்தியை இழந்து, காரத்தை எளிதாக உள்ளே விடும். பிறகு மூன்று நான்கு நாள் காலையில் கையால் அள்ளிக் காயவைத்து, மாலையில் கையால் அள்ளி மறுபடி தயிரில் போடுகிறோம். கீறுகிற நாள் மட்டும்தான் ஆபத்து என்று நினைத்துக் கையுறை போட்டு, மறுநாள் வெறுங்கையால் கிளறி மாட்டிக்கொள்வது வழக்கமாக நடப்பது.

கையுறையில் நைட்ரைல் வகையை வாங்குங்கள். பெரும்பாலும் நீல நிறத்தில் வரும், மருந்துக் கடையிலும் சர்ஜிக்கல் கடையிலும் கிடைக்கும். லேடெக்ஸ் போதாது. நரம்பு வலிக்கு 8 சதவீதக் கேப்சைசின் ஒட்டுப்பட்டை ஒன்று மருத்துவத்தில் இருக்கிறது. அதைக் கையாளும் மருத்துவப் பணியாளர்களுக்கே லேடெக்ஸ் வேண்டாம், நைட்ரைல்தான் போட வேண்டும் என்று அறிவுறுத்துகிறார்கள். ஹேர் டை பாக்கெட்டில் வரும் மெல்லிய பாலிதீன் உறை விரல் நுனியில் தளர்ந்து, கத்தி வழுக்கும், ஓரத் தையலில் பிரியும். துணிக் கையுறை சாற்றை உறிஞ்சிக் கையோடு வைத்துக்கொள்ளும், வெறுங்கையைவிட மோசம். கையுறைக்குள் வியர்த்தால் கழற்றிக் கையைத் துடைத்துவிட்டு வேறு ஜோடி போடுங்கள். கழற்றும்போது மணிக்கட்டுப் பக்கம் பிடித்து, உள்பக்கம் வெளியே வரும்படி உரித்து எடுங்கள். விரல் நுனியைப் பிடித்து இழுத்தால் காப்பாற்றிய கையையே கடைசியில் கெடுத்துக்கொள்வீர்கள்.

கையுறை கிடைக்காத நாளில் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு வேலை செய்வது நம் வீடுகளில் பழைய வழி. கருணைக்கிழங்கு, வாழைப்பூவுக்குச் செய்வது போல. மிளகாய்க்கு இது பாதி நன்மை, பாதி தொல்லை. எண்ணெய் காரத்தைத் தன்னிடம் இழுத்துக்கொள்ளும், கழுவும்போது சேர்ந்து வரும். கழுவாமல் ஒரு மணி நேரம் விட்டால், காரம் கரைந்த எண்ணெயைத் தோலில் பூசிக்கொண்டது போலத்தான். கத்தியும் வழுக்கும். தடவுவதானால் அரை டீஸ்பூன் போதும், 20 நிமிடத்துக்கு ஒரு தரம் துடைத்துக் கழுவித் திரும்பத் தடவ வேண்டும். எனக்குக் கையுறையும் கத்தரிக்கோலும்தான் சிறந்ததாகப் படுகிறது.

வேலைமுறை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். காலை வெயில் ஏறுமுன் உட்காருங்கள், வியர்க்காத கை குறைவாக எரியும். மிளகாயை முழுதாகவே கழுவி, துணியில் பரப்பி ஈரம் போகக் காயவையுங்கள். ஈரமான காய் நழுவும், சாறு தெறிக்கும். காம்பைப் பிடித்துக்கொண்டு, சின்னக் கூர்மையான கத்தி நுனியாலோ கத்தரிக்கோல் நுனியாலோ நடுவில் 2 சென்டிமீட்டர் கீறல் போட்டால் போதும். மேலிருந்து கீழ்வரை பிளக்க வேண்டாம், மோர் உள்ளே போக அவ்வளவு தேவையில்லை, நரம்பு முழுக்கத் திறந்துகொள்வதுதான் மிச்சம். இன்னும் சுலபமானது முள்கரண்டியால் காய்க்கு மூன்று குத்து. ஊற ஒரு நாள் கூடுதலாக ஆகும், கையில் சாறு படுவது வெகுவாகக் குறையும். கீறிய காய் கையிலிருந்து நேராகப் பாத்திரத்தில் விழட்டும், அள்ளிப் போடும் வேலை வேண்டாம்.

கிலோவுக்கு அரை முதல் முக்கால் லிட்டர் புளித்த தயிர், 100 கிராம் உப்பு. கலக்க அகப்பை போதும், அல்லது மூடி போட்டுக் குலுக்குங்கள். காலையில் ஜல்லிக் கரண்டியால் அரித்து எடுத்துத் தாம்பாளத்தில் பரப்பி, கரண்டி முதுகால் தள்ளிவிடுங்கள். மாலையில் தாம்பாளத்தைச் சாய்த்தாலே எல்லாம் மோருக்குள் விழுந்துவிடும். காய் நன்றாக வற்றி, கையில் எடுத்தால் சலசலக்கும்வரை எங்கேயும் விரலுக்கு வேலை இல்லை. ஏற்காட்டில் இருக்கும் சொந்தக்காரருக்கு இந்த முறையைச் சொல்வதானால், காயவைக்கும் வேலையைக் கீழே சேலத்திலேயே முடித்துக் கொடுத்தனுப்புவது நல்லது. மலையின் பனிமூட்டத்தில் காய் வற்றுமுன் பூஞ்சை பிடித்துவிடும்.

கடிகாரத்தைப் பார்த்துக் கையைக் கழுவுங்கள், எரிச்சலைப் பார்த்து அல்ல. அரை மணிக்கு ஒரு தரம் வேலையை நிறுத்தி, எண்ணெய், துடைப்பு, லிக்விட் என ஒரு சுற்று. ஒரு அமர்வுக்கு ஒரு கிலோ போதும். நகம் ஒட்ட வெட்டியிருக்கட்டும். விரலில் வெட்டோ, நகச்சுற்றோ இருந்தால் அன்று உட்காரவே வேண்டாம். கழிப்பறைக்குப் போனபின் கழுவுவது எல்லோருக்கும் தெரியும், மிளகாய் வேலையில் போவதற்கு முன்னாலும் கழுவ வேண்டும். குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய்மார் இந்த வேலையில் சேராமல் இருப்பதே மேல்.

கையைவிட அதிகமாகக் காட்டிக்கொடுப்பது முந்தானைதான். கை துடைத்ததும் அதில், அரை மணி கழித்து முகத்து வியர்வை துடைப்பதும் அதில். பழைய துணி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். செல்போன் திரை, கண்ணாடிச் சட்டம், குழாய்த் திருகு, வண்டிச் சாவி இவையும் காரத்தை ஒளித்து வைத்திருக்கும் இடங்கள். வேலை முடிந்ததும் லிக்விட் தொட்ட துணியால் ஒரு துடை துடைத்துவிடுங்கள். மரப் பலகை சாற்றை உறிஞ்சிக்கொள்ளும், மறுநாள் அதே பலகையில் பழம் நறுக்கினால் தெரியும். பிளாஸ்டிக் பலகையோ எவர்சில்வர் தட்டோ நல்லது.

குழம்பு மிளகாய்த் தூளுக்கு வற்றல் வாங்கும்போது வேறு வகைத் தொல்லை. செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் மூட்டையாக வாங்கி வந்து வீட்டில் காம்பு கிள்ளுகிறவர்களுக்குச் சாறு எதிரி அல்ல, தூசுதான். மொறுமொறுவென்று காய்ந்த பிறகு கிள்ளினால் காம்பு சுலபமாக ஒடியும், கூடவே காயும் உடைந்து தூள் பறக்கும். வாங்கி வந்த பதத்தில், கொஞ்சம் வளையும்போதே கிள்ளிவிட்டுப் பிறகு காயவையுங்கள். கைக்குக் கொஞ்சம் வேலை கூடும், மூக்குக்கும் கண்ணுக்கும் நிம்மதி. காம்பு நீக்கிய வற்றல் கிலோவுக்குக் கொஞ்சம் விலை கூடுதலாகக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கிவிடலாம். மின்விசிறியை அணைத்து, காற்று முதுகுப் பக்கத்திலிருந்து வரும்படி உட்காருங்கள், முகக்கவசம் போடுங்கள். சிந்தியதைப் பெருக்காதீர்கள், ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். தூள் கையில் பட்டால் முதலில் தட்டி உதறிய பிறகுதான் எண்ணெய். தண்ணீர் பட்டால் குழைந்து நகக்கண்ணில் அப்பிக்கொள்ளும். மில்லிலிருந்து வந்த தூள் சூடாக இருக்கும். காகிதத்தில் கொட்டிக் கரண்டியால் பரப்புங்கள், கையால் சூடு பார்க்க வேண்டாம்.

தட்டுவடை செட்டுக்குக் காரச் சட்னி அரைப்பவர்களுக்கு: மிக்ஸியை நிறுத்தியதும் மூடியைத் திறக்காமல் 5 நிமிடம் விடுங்கள், நுண்திவலை அடங்கட்டும். வழித்தெடுக்கச் சிலிகான் கரண்டி இருக்கட்டும், விரல் வேண்டாம். ஜாரில் வெந்நீர் ஊற்றிக் கழுவினால் ஆவியோடு காரமும் கிளம்பி இருமவைக்கும். பச்சைத் தண்ணீரும் இரண்டு சொட்டு லிக்விட்டும் ஊற்றி ஒரு சுற்று ஓட்டிவிட்டுக் கவிழ்த்துவிடுங்கள்.

ஏற்காட்டில் ஏரிக்கரைப் பக்கம் மிளகாய் பஜ்ஜி போடும் கடைக்காரர்கள் பயன்படுத்தும் பஜ்ஜி மிளகாய் சாதுவானது. ஆனாலும் கிலோக்கணக்கில் பிளந்து கட்டைவிரல் நகத்தால் நரம்பைச் சுரண்டினால் அந்த நகக்கண் இரவில் துடிக்கும். டீஸ்பூன் காம்பால் சுரண்டலாம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் குளிரும் கைக்குப் பகலில் எரிச்சல் உறைக்காது, சாயங்காலம் வெந்நீரில் குளிக்கும்போதுதான் தெரியும். குளிப்பதற்கு முன்பே எண்ணெய்ச் சுற்றை முடித்துவிட வேண்டும். அங்கே தேங்காய் எண்ணெயை நம்பாதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே உறைந்து கட்டியாகிவிடும். நல்லெண்ணெய் வையுங்கள்.

காந்தாரி என்றும் ஊசி மிளகாய் என்றும் சொல்கிற சின்ன மிளகாய் அளவைப் பார்த்து ஏமாற வேண்டாம். வில்பர் ஸ்கோவில் 1912இல் வகுத்த கார அளவுகோலில் அது 50,000 முதல் 1,00,000 வரை வரும். குண்டூர் சன்னம் 35,000 முதல் 40,000 வரை. நிறத்துக்காகச் சேர்க்கும் பியாடகி அதில் பாதிகூட வராது. காந்தாரியைக் கீறவே வேண்டாம், காம்பைக் கிள்ளிவிட்டு அம்மியில் வைத்துக் குழவியால் நசுக்குங்கள்.

மீதி 2 கிலோவை நாளைக்கே முடிக்க வேண்டிய அவசரம் ஒன்றும் இல்லை. கை முழுதாக அடங்கி ஒரு நாளாவது போகட்டும். சீண்டப்பட்ட நரம்பு அடுத்த நாள் கொஞ்சக் காரத்துக்கே கத்தும். காயைக் கழுவாமல், காகிதம் விரித்த டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். ஈரம் கோத்த காயும் காம்பு அழுகிய காயும் இருந்தால் முதலிலேயே பொறுக்கி எடுத்துவிடுங்கள், பக்கத்துக் காய்களையும் கெடுத்துவிடும். அதற்குள் கையுறையும் ஒரு நல்ல கத்தரிக்கோலோ முள்கரண்டியோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஊறுகிற 3 கிலோவை நாளைக் காலையில் வெயிலில் போட வேண்டியிருக்கும். அதற்கு ஜல்லிக் கரண்டி போதும்.